இதயத்திலும் கழுத்திலும் அடைப்பு: நோயாளரும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

அஞ்சியோகிராம் செய்து "மூன்று குழாயிலும் அடைப்பு, பைபாஸ் வேண்டும்" என்று சொன்ன கையோடு, கழுத்தையும் ஸ்கான் பண்ணி "இங்கேயும் அடைப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டால் வீடே கலங்கிப்போகும். எதை முதலில் செய்வது, யாழ்ப்பாணத்தில் செய்யலாமா, கொழும்புக்குப் போகவேண்டுமா, கனடாவில் இருக்கிற மகன் வேறு மாதிரிச் சொல்கிறாரே என்று கேள்விகள் வரிசையாக வரும். கிளினிக் வாசலில் அடிக்கடி காதில் விழுகிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் கிளினிக் கொப்பியையும் ஸ்கானையும் நேரில் பார்த்த வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால், அதற்குக் காரணம் இருக்கும், அவரிடமே கேளுங்கள்.

நெஞ்சுநோவுக்குத்தானே போனோம், கழுத்தை ஏன் ஸ்கான் செய்கிறார்கள்?

வருத்தம் ஒன்றுதான், இடம்தான் இரண்டு. இதயத்தசைக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்களில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிகிற அதே விதத்தில், மூளைக்குப் போகிற கழுத்துக் குழாய்களிலும் படியும். கழுத்தின் இரு பக்கமும் விரல் வைத்தால் துடிப்புத் தெரிகிறதே, அதுதான் அந்தக் குழாய். குரல்வளையின் மேல்விளிம்பு மட்டத்தில் அது இரண்டாகப் பிரியும். படிவு சேர்வது பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான்.

பைபாஸுக்கு வருகிறவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஒருவருக்குக் கழுத்தில் பாதிக்கு மேற்பட்ட அடைப்பு இருக்கும். எல்லோருக்கும் ஸ்கான் செய்யவேண்டும் என்றில்லை. முன்பு பாரிசவாதம் வந்தவர்கள், வயது எழுபதைத் தாண்டியவர்கள், இதயத்தின் இடது பிரதான குழாயில் அடைப்பு உள்ளவர்கள், கொஞ்சத் தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்தால் 'உஸ்' என்று ஓசை கேட்கிறவர்கள் ஆகியோருக்குத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள்.

ரிப்போர்ட்டில் 70% என்று இருக்கு. அப்படியென்றால் மூளைக்கு 30% இரத்தம்தான் போகுதா?

இல்லை. மூளைக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு குழாய்கள் போகின்றன. அவை மூளையின் அடியில் வளையமாக ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஒன்று சுருங்கினால் மற்றவை ஓரளவு ஈடுகட்டும். பெரும்பாலும் ஆபத்து வருவது இரத்தம் குறைவதால் அல்ல. அந்தப் படிவு வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைந்து, ஒரு துணுக்கு கழன்று மேலே போய் மூளையின் சின்னக் குழாயை அடைப்பதால்தான். அதனால்தான் 60% அடைப்பு ஒருவரைப் படுக்கையில் போடும், 90% அடைப்போடு இன்னொருவர் தோட்டத்துக்குப் போய் வருவார்.

அந்த இலக்கம் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கழுத்துக்குச் செய்கிற டொப்ளர் ஸ்கான் அடைப்பை நேரடியாக அளப்பதில்லை. இரத்தம் ஓடும் வேகத்தை அளக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸின் வாயை விரலால் நசுக்கினால் தண்ணீர் சீறிக்கொண்டு போகும் இல்லையா, அதே கணக்கு. பிரிந்த இரண்டில் மூளைக்குப் போகிற உள்குழாயில் உச்ச வேகம் விநாடிக்கு 125 சென்ரிமீற்றரைத் தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு என்றும், 230ஐத் தாண்டினால் 70 வீதத்துக்கு மேல் என்றும் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ரிப்போர்ட்டில் 'பி.எஸ்.வி.' என்று போட்டிருப்பது இதுதான். ஸ்கான் செய்பவரின் கை, குழாயில் உள்ள சுண்ணாம்பு, மற்றப் பக்கத்து அடைப்பு எல்லாம் இந்த வேகத்தை மாற்றும். ஓரிடத்தில் 60%, இன்னோரிடத்தில் 75% என்று வந்தால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. சத்திரசிகிச்சை செய்வது என்று முடிவெடுக்கும் முன் சி.ரி. அஞ்சியோகிராம் போன்ற இன்னொரு படத்தோடு ஒப்பிடுவது அதற்காகத்தான். அதற்கு ஏற்றும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. சீனி வருத்தக்காரர் கிரியாட்டினின் பரிசோதனைத் துண்டையும் எடுத்துப் போகவேண்டும். மெட்போர்மின் குளிசை போடுவதையும் சொல்லவேண்டும்.

100% முழுக்க அடைத்துவிட்ட குழாயை வழக்கமாகத் திறப்பதில்லை. அதைக் கேட்டு "கைவிட்டுவிட்டார்கள்" என்று அழவேண்டாம். அந்த வழியால் இனித் துணுக்குப் போக இடமில்லை, திறக்கப்போவதில்தான் ஆபத்து.

சரி, எதை முதலில் செய்வது?

இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. ஆனால் எல்லோரும் இலக்கத்தைக் காட்டித்தான் கேட்கிறார்கள்: "இதயத்தில் 80, கழுத்தில் 75, எது பெரிசு?" பார்க்கவேண்டியது வேறு. எந்தக் குழாய் இதுவரை தன் வேலையைக் காட்டியிருக்கிறது? அண்மையில் காட்டியதா? எது நாளைக்கே ஆளைக் கொண்டுபோகும்?

சுன்னாகத்தில் இருந்து ஓர் ஐயா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 68. இடது பிரதான குழாயில் பெரிய அடைப்பு, சும்மா இருக்கும்போதே நெஞ்சு இறுக்குகிறது. கழுத்தில் வலப்பக்கம் 75%, ஆனால் கை கால் விளங்காமல் போனதோ பேச்சுக் குழறியதோ ஒருநாளும் இல்லை. இவருக்கு இதயம்தான் முதலில். கழுத்துக்காக அதைத் தள்ளிப்போட்டால் கழுத்துச் சத்திரசிகிச்சை (குழாயைத் திறந்து படிவை எடுப்பது) மேசையிலேயே மாரடைப்பு வரலாம். ஒரு பக்கம் மட்டும், அறிகுறி இல்லாமல் உள்ள அடைப்புக்குப் பைபாஸின் முன் வழமையாகக் கைவைக்க வேண்டியதில்லை என்பதுதான் ஐரோப்பிய வழிகாட்டல்களின் நிலைப்பாடும். பைபாஸ் முடிந்து ஆள் தேறிய பிறகு கழுத்தைப் பற்றி ஆறுதலாகப் பேசலாம். குளிசையோடு கண்காணிப்பதே போதும் என்றும் முடிவாகலாம்.

இன்னொருவர். பத்து நாளுக்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வலக்கையால் சோற்றைப் பிசைய முடியவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்தது, அரைமணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஸ்கானில் இடப்பக்கக் கழுத்துக் குழாய் 80%. நெஞ்சுநோ படி ஏறினால் மட்டும், பல மாதமாக ஒரே அளவில். இவருக்குக் கழுத்துதான் முதலில், அதுவும் அவசரமாக. அறிகுறி வந்து 14 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். அடுத்த பாரிசவாதம் வரும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். 1991இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வில், இப்படி அறிகுறி காட்டிய 70 வீதத்துக்கு மேற்பட்ட அடைப்புள்ளோரில், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு இரண்டு வருடத்தில் அதே பக்கப் பாரிசவாதம் வந்தது 26 வீதம். சத்திரசிகிச்சை செய்தவர்களில் 9 வீதம். இவ்வளவு தெளிவான வித்தியாசம் மருத்துவத்தில் அடிக்கடி கிடைக்காது.

(ஒரு சின்னக் குறிப்பு: இடக் கழுத்துக் குழாய் உடம்பின் வலப்பக்கத்தைப் பாதிக்கும். கண் மட்டும் அதே பக்கம். எந்தக் கை, எந்தக் கண் என்று வைத்தியர் துருவித் துருவிக் கேட்பது அதனால்தான். வீட்டில் பார்த்தவர்கள் சரியாக நினைவில் வைத்துச் சொல்லவேண்டும்.)

மூன்றாவது வகை கஷ்டமானது: நெஞ்சும் ஆடுகிறது, கழுத்தும் அண்மையில் அறிகுறி காட்டிவிட்டது. அல்லது ஒரு பக்கம் முற்றாக அடைத்து மறுபக்கம் 70க்கு மேல். இங்கே ஒரே விடை கிடையாது. இதய சத்திரசிகிச்சை நிபுணர், இரத்தக்குழாய் நிபுணர், நரம்பியல் நிபுணர், மயக்கமருந்து நிபுணர் எல்லோரும் ஒன்றாக இருந்து பேசவேண்டிய ஆள் இவர். அப்படிப் பேசினார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் கோபிப்பார்கள் என்று பயப்படவேண்டாம்.

கழுத்தைத் திருத்தாமல் பைபாஸ் செய்தால் மேசையிலேயே பாரிசவாதம் வராதா?

வரலாம், ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவில் இல்லை. கழுத்துக் குழாய் சுத்தமாக உள்ளவருக்குப் பைபாஸின்போது பாரிசவாதம் வரும் வாய்ப்பு 2 வீதத்துக்கும் குறைவு. ஒரு பக்கம் அறிகுறியில்லா அடைப்பு இருந்தால் ஏறத்தாழ 3, இரு பக்கமும் என்றால் 5, ஒரு பக்கம் முற்றாக மூடியிருந்தால் 7 முதல் 11 வீதம். பைபாஸில் வரும் பாரிசவாதங்களில் பெரும்பங்கு கழுத்தால் வருவதே இல்லை. இதயத்தில் இருந்து புறப்படும் பெருநாடியில் கவ்வி போடும்போது அங்கே உள்ள படிவு உதிர்வதாலும், சத்திரசிகிச்சைக்குப் பிறகு இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் போவதாலும் வருகிறவைதான் கூட. இதயத்தை நிறுத்தாமல், பெருநாடியில் கை வைக்காமல் செய்யும் முறை சில நோயாளருக்கு ஏற்றது. உங்கள் ஆளுக்குப் பொருந்துமா என்று கேட்டுப்பாருங்கள்.

ஒரே தடவையில் இரண்டையும் செய்து முடித்தால் என்ன? இரண்டு தரம் மயக்கமருந்து ஏன்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கு. 1970களில் இருந்தே செய்து வருகிறார்கள். கழுத்தை முதலில் சுத்தம் செய்து, அதே மயக்கத்தில் நெஞ்சைத் திறப்பார்கள். ஆனால் இரண்டு ஒப்பரேஷனின் ஆபத்தும் ஒரே நாளில் ஒரே உடம்பில் சேரும். ஜேர்மனியிலும் செக் நாட்டிலும் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், அறிகுறியில்லாத கழுத்து அடைப்புள்ளவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 30 நாளுக்குள் பாரிசவாதமோ மரணமோ 18.5 வீதம். பைபாஸ் மட்டும் செய்தவர்களில் 9.7 வீதம். 130 பேர்கூடச் சேராமல் இடையில் நின்றுபோன ஆய்வு என்பதால் இதை முடிந்த முடிவாக எடுக்க முடியாது. ஆனாலும் "வந்த கையோடு இரண்டையும் முடித்துவிடுங்கோ" என்று வைத்தியரை நெருக்குவதற்கு இது நல்ல தடை. அறிகுறி உள்ளவருக்கும் இரு பக்கமும் அடைத்தவருக்கும் கணக்கு வேறு.

கழுத்துக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்துவைக்கும் வலைக்குழல்) வைத்தால் வெட்டாமல் முடிந்துவிடுமே?

முடியும். ஆனால் கழுத்து ஸ்டென்ட் வைத்தபின் அஸ்பிரினும் குளோபிடோகிரெல்லும் சேர்த்துக் குறைந்தது நான்கு வாரம் போடவேண்டும். பைபாஸ் என்றால் குளோபிடோகிரெல்லை ஐந்து நாளாவது முன்பே நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் இரத்தம் நிற்காது. ஆக, ஸ்டென்ட் வைத்தவர் பைபாஸுக்கு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். நெஞ்சு அவ்வளவு காலம் பொறுக்குமா என்பதுதான் கேள்வி. 2010இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் ஸ்டென்டின்போது பாரிசவாதம் கூட (4.1க்கு 2.3 வீதம்), சத்திரசிகிச்சையின்போது மாரடைப்புக் கூட (2.3க்கு 1.1 வீதம்). வயது எழுபதைத் தாண்டியவருக்குப் பொதுவாக வெட்டிச் செய்வதே நல்லது. முன்பு கழுத்தில் கதிர்ச் சிகிச்சை எடுத்தவருக்கு ஸ்டென்ட் வசதி.

லண்டனில் இருக்கிற மகன் "இங்கே என்றால் உடனே கழுத்தை ஒப்பரேஷன் பண்ணியிருப்பாங்கள்" என்கிறாரே?

மகனுக்கு அப்பாமேல் உள்ள கவலை, பிழை சொல்ல முடியாது. ஆனால் அறிகுறி இல்லாத கழுத்து அடைப்புக்கு அங்கேயும் எல்லோருக்கும் உடனே வெட்டுவதில்லை. அந்த எண்ணம் வந்ததற்கு 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒரு காரணம். அதில் ஐந்து வருடத்தில் பாரிசவாதம் 11 வீதத்தில் இருந்து 5 வீதமாகக் குறைந்தது. வருடத்துக்குப் பார்த்தால் நூறு பேருக்கு ஒருவர் அளவுதான் தப்புகிறார். அதுவும் கொலஸ்ட்ரோல் குளிசை பரவலாக வருவதற்கு முந்திய காலம். இன்று நல்ல மருந்தோடு அந்த ஆபத்து இன்னும் குறைந்திருக்கிறது. வாட்ஸப்பில் வாதாடுவதைவிட, ஸ்கான் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பி, கிளினிக் நாளில் வைத்தியரோடு ஒரு அழைப்பில் பேசவிட முடியுமா என்று கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

என்ன மாதிரி இருந்தால் உடனே ஓடவேண்டும்?

ஒரு பக்கக் கை கால் திடீரென விளங்காமல் போதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல் அல்லது பேச்சே வராமல் போதல், ஒரு கண்ணில் மேலிருந்து கரும் திரை இறங்கினது போல மறைதல். இவை ஐந்து நிமிடத்தில் சரியானாலும் போகவேண்டும். "சரியாப் போச்சுதானே, நாளைக்குப் பார்ப்பம்" என்ற வசனம்தான் இந்த வருத்தத்தில் மிகப் பெரிய எதிரி. அறிகுறி நிற்காமல் இருந்தால், உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி போட 4.5 மணி நேரம்தான் அவகாசம். கடைசியாக ஆள் நன்றாக இருந்த நேரத்தைச் சொல்லத் தெரிந்தவர் கூடப் போகவேண்டும்.

1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது, பணம் இல்லை. ஓட்டோ பிடித்து முதலில் பக்கத்துத் தனியார் டிஸ்பென்சரிக்குப் போய், பிறகு பெரியாஸ்பத்திரிக்குப் போவது வீண் நேரம். ஆளுக்குச் சீனி வருத்தம் இருந்தால் இரத்தச் சீனியையும் பார்க்கச் சொல்லுங்கள். சீனி கீழே இறங்கினாலும் பாரிசவாதம் போலவே தோன்றும்.

வெறும் தலைச்சுற்று, எழும்பும்போது கண் இருட்டுதல் ஆகியவை பெரும்பாலும் கழுத்து அடைப்பால் வருவதில்லை. அதற்காகக் கழுத்தை வெட்டச் சொல்லி யாராவது சொன்னால் இன்னொரு கருத்தும் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்திலேயே எல்லாம் செய்யலாமா?

போதனா வைத்தியசாலையின் இருதய கிளினிக்தான் தொடங்கும் இடம். இரண்டு இடத்திலும் அடைப்புள்ளவர் சிக்கலானவர் என்பதால், எல்லா நிபுணரும் ஒன்றாகக் கிடைக்கும் கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டிவரலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தனியாரில் செய்வதென்றால் ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்க வழி உண்டு; விண்ணப்பத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

கொழும்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அஞ்சியோகிராம் சீடியையும் ஸ்கான் ரிப்போர்ட்டின் மூலப் பிரதியையும் கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் போட்டுக் கையில் வைத்திருங்கள். இரவு பஸ்ஸின் அடியில் போடும் பெரிய பையில் வேண்டாம். குளிசைகளை மட்டைகளோடு கொண்டுபோங்கள். "வெள்ளைக் குளிசை ஒன்று, மஞ்சள் ஒன்று" என்றால் எந்த வார்ட்டிலும் யாருக்கும் விளங்காது. நெஞ்சுநோ அடிக்கடி வருகிற ஆளை 400 கிலோமீற்றர் பஸ்ஸில் இருத்திக் கொண்டுபோகலாமா என்பதைக் கிளினிக்கில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

ஒப்பரேஷனுக்கு நாள் கிடைக்கும்வரை சும்மா இருக்கிறதா?

சும்மா இல்லை. இரண்டு இடத்து வருத்தத்துக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்கிற ஒரே வைத்தியம் குளிசைதான். வெட்டுவது அந்தந்த இடத்துக்கு மட்டும். கழுத்து அடைப்புள்ளவர்களில் நீண்ட காலத்தில் கூடுதலானோரைக் கொல்வது பாரிசவாதம் அல்ல, மாரடைப்பு என்பதையும் மறக்கவேண்டாம். அஸ்பிரின், அட்டோவாஸ்டட்டின் 40 அல்லது 80 மில்லிகிராம், பிரஷர் குளிசை, சீனிக்குரியது எல்லாம் நாள் தவறாமல் போகவேண்டும். கெட்ட கொலஸ்ட்ரோல் 70க்குக் கீழ், முடிந்தால் 55க்குக் கீழ் இறங்கவேண்டும். ரிப்போர்ட்டில் 'நோர்மல் 130 வரை' என்று அச்சடித்திருப்பது உங்களுக்குரிய கணக்கு அல்ல.

பல்லுப் பிடுங்கப் போகும்போது அஸ்பிரினைத் தானாக நிறுத்துவது, முழங்கால் நோவுக்குப் பார்மசியில் டைக்ளோபெனக் வாங்கிப் போடுவது, "கொலஸ்ட்ரோல் குளிசை ஈரலைத் தின்னும்" என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுக் குப்பையில் போடுவது: மூன்றும் நடக்கிறது, மூன்றும் கூடாது. ஸ்டட்டின் என்ற அந்தக் கொலஸ்ட்ரோல் குளிசையால் தசை நோ வந்தால் சொல்லுங்கள், அளவை மாற்றலாம், வேறு குளிசை தரலாம்.

விரதக்காரருக்கு: கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீரோடு குளிசை போடுவதால் விரதம் கெடாது என்று எந்தக் குருக்களும் சொல்லுவார். சீனிக் குளிசையும் இன்சுலினும் மட்டும் வேறு கதை. சாப்பிடாமல் போட்டால் சீனி இறங்கும். விரதத்துக்கு முன்பே கிளினிக்கில் அளவைக் கேட்டு வையுங்கள்.

இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார்கள், ஏன்?

பைபாஸுக்கு நெஞ்சுச் சுவரின் உட்பக்கத்து இடக் குழாயை எடுத்து இதயத்தில் பொருத்துவார்கள். அந்தக் குழாய்க்கு இரத்தம் வருவது இடக்கைக்குப் போகிற பெரிய குழாயில் இருந்து. அதில் அடைப்பு இருந்தால் இடக்கையில் பிரஷர் குறைவாகக் காட்டும். கழுத்தில் அடைப்புள்ளவருக்கு இங்கேயும் இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு நிமிட வேலை, பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கழுத்து ஒப்பரேஷனுக்குப் பிறகு என்ன எதிர்பார்க்கலாம்?

காதுச்சோணையும் தாடையோரமும் மரத்துப்போன மாதிரி இருக்கும். குரல் கம்மலாம், நாக்கு ஒரு பக்கம் சாயலாம், விழுங்கும்போது புரையேறலாம். பெரும்பாலும் வாரங்களில், சிலருக்கு மாதங்களில் மாறும். வீட்டுக்கு வந்த பிறகு கழுத்து வீங்கி மூச்சுக் கஷ்டப்பட்டாலோ, ஒப்பரேஷன் செய்த பக்கத்தில் தாங்க முடியாத தலையிடியும் பிரஷர் ஏற்றமும் வந்தாலோ பனடோல் போட்டுக்கொண்டு படுக்கவேண்டாம். நீண்டநாள் குறைவாகப் பாய்ந்த இடத்துக்குத் திடீரென்று இரத்தம் கூடப் பாய்வதால் வரும் தலையிடி அது, இரத்தக்கசிவில் முடியலாம். முதல் சில நாட்களில் இருந்து மாதக் கடைசி வரையும் வரக்கூடும்.

சாப்பாடு? சுருட்டு?

சுருட்டும் சிகரெட்டும் முற்றாக நிற்கவேண்டும், "ஒன்று மட்டும்" கிடையாது. சொதியில் தேங்காய்ப்பால் மெல்லிதாக இருக்கட்டும், கருவாடும் ஊறுகாயும் உப்புக்காகக் குறையட்டும், புட்டின் அளவு பாதியாகட்டும். மீனும் கீரையும் தாராளமாக.

சலூனில் கழுத்தை இழுத்து முறிப்பார்களே, அது பரவாயில்லையா?

வேண்டாம். திடீரென்று திருப்பினால் குழாயின் உட்சுவர் கிழியலாம், படிவும் உதிரலாம். தலைமயிர் வெட்டினால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு இருங்கள். கழுத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தடவுவதும் அப்படித்தான்.